ஒரு நாளைக்கு ஒரு திசை: நோர்வூட்டிலிருந்து போய்வரும் பயணங்கள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட் டவுனில் இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை பொகவந்தலாவைக்குப் போகிறது. மற்றது மஸ்கெலியாவுக்கும் அதற்கப்பால் நல்லதண்ணிக்கும். சிவனொளிபாத மலை சீசனில் நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும் பஸ்கள் இரவிரவாக இந்தச் சந்தியைக் கடக்கின்றன. இறங்குவோர் மிகக் குறைவு. மலைநாட்டின் இந்தப் பக்கத்தைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் நுவரெலியாவில் அறை எடுத்துக்கொண்டு, பகலில் பாதியை வீதியிலேயே செலவழித்து, அவசரமாகச் சில படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நோர்வூட்டிலோ டிக்கோயாவிலோ ஹட்டனிலோ தங்கிப் பாருங்கள். இரண்டு ஆறுகள், இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள், மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு உழைப்பு, எல்லா மதத்தாரும் ஏறும் ஒரு மலை ஆகிய அனைத்தும் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் இருக்கின்றன.

கடல் இங்கிருந்து வெகுதூரம். ஆனால் நோர்வூட்டைத் தொட்டு ஓடும் தண்ணீர் கடலுக்குத்தான் போகிறது. பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கி, நோர்ட்டன்பிரிஜ் வழியாக இறங்கி, மஸ்கெலியாப் பக்கமிருந்து வரும் மஸ்கெலி ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிறது. கொழும்பில் குழாயில் வரும் குடிநீரில் பெரும்பங்கு அந்தக் களனியிலிருந்து எடுப்பதுதான். இந்த அத்தியாயத்தின் பயணங்களில் அநேகமானவை இந்த இரண்டு ஓயாக்களின் கரையை ஒட்டியவை.

இங்கே பயணம் செய்ய ஒரே ஒரு விதியைக் கைக்கொண்டால் போதும்: ஒரு நாளைக்கு ஒரு திசை. வரைபடத்தில் பொகவந்தலாவையும் மஸ்கெலியாவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். வீதியிலோ ஒவ்வொரு வளைவிலும் எதிரே வரும் லொறிக்காகப் பஸ் ஒதுங்க வேண்டும், கொழுந்து ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். பத்துக் கிலோமீற்றருக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் அதற்கும் மேலாகும். ஒரே நாளில் சீதையம்மன் கோயில், டெவோன் நீர்வீழ்ச்சி, காசல்ரீ என்று திட்டமிட்டு வருகிற குடும்பங்களின் பிள்ளைகள் வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்துபோவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

புறப்படுமுன்

டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை வானம் தெளிவாக இருக்கும் மாதங்கள். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் செப்டம்பர் வரை இந்தச் சரிவுகளில் விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். ஹட்டனுக்குக் கீழே உள்ள வட்டவளை இலங்கையிலேயே மிகுதியாக மழை காணும் இடங்களில் ஒன்று. கனமழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். ரயில் பாதையும் சரிவால் அடைபடுவதுண்டு. ஹட்டன் நிலையத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸே போதும். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் இ.போ.ச. பஸ்களும் தனியார் பஸ்களும் நாள் முழுவதும் ஓடுகின்றன. எல்லாம் நோர்வூட் வழியாகத்தான். டவுனிலிருந்து தோட்டத்துக்குள் போக ஓட்டோ பிடியுங்கள். ஏறுமுன் போக வரக் கூலியையும் காத்திருக்கும் நேரத்தையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டிய நாட்கள் தோட்டங்களில் சம்பள நாட்கள். அந்த வார இறுதியில் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. ஆனால் கடைத்தெருவின் உயிர்ப்பைப் பார்க்க வேண்டுமானால் அதைவிட நல்ல நாள் வேறில்லை.

அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். குளவிதான் கவனிக்க வேண்டிய ஆபத்து. தேயிலை மலைகளில் குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது அடிக்கடி நடக்கிறது; உயிரிழப்புகளும் உண்டு. மரங்களிலும் பாறை முகப்புகளிலும் பெரிய கூடுகளைக் கண்டால் கல் எறியாதீர்கள், சத்தம் போடாதீர்கள், கீழே நெருப்பு மூட்டாதீர்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு மலைக்குள் நடக்காதீர்கள். வேலை செய்பவர்கள் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்று சொன்னால் காரணம் கேட்டு நிற்காமல் திரும்பிவிடுங்கள். காட்டுத் துண்டுகளும் தேயிலையும் சந்திக்கும் இடங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. இருட்டிய பின் குறுக்குப் பாதைகளில் நடக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களைப் படமெடுக்க எல்லோருக்கும் ஆசை. அவர்கள் அன்றைய கொழுந்தைக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்க வேண்டியவர்கள். குறித்த அளவு எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர்தான் விழும். நீங்கள் அவர்களை வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொல்லும் பத்து நிமிடம் அவர்களுடைய கூடையிலிருந்து போகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்திலோ மாலையில் வேலை முடிந்து நடந்து வரும்போதோ "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். சம்மதித்தால் எடுங்கள், படத்தை அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள். லயத்துக்குள் அழைப்பில்லாமல் நுழையாதீர்கள். பத்தடிக் காம்பரா ஆனாலும் அது ஒருவருடைய வீடு.

நோர்வூட்டும் காசல்ரீயும்

வந்து சேர்ந்த முதல் நாளை இந்தப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். மலைக்காற்றுக்கு உடம்பு பழகவும் நேரம் கிடைக்கும். நோர்வூட் சிறிய டவுன். ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். 2018 முதல் தனிப் பிரதேச சபை இயங்குகிறது. தொண்டமான் பெயர் தாங்கிய விளையாட்டு மைதானம் மலையக அரசியலின் பல பெரிய நாட்களைக் கண்ட இடம். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்துவிட்டு இங்கேதான் மக்களிடம் பேசினார். தோட்டங்களிலிருந்து வந்த கூட்டத்துக்கு அன்று மைதானம் போதவில்லை. 2020 மே மாதக் கடைசியில் மலையக அரசியல் தலைவர் ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக் கிரியை நடந்ததும் இங்கேதான்.

டவுனில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் சூடாகக் கிடைக்கும் கடையில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடியுங்கள். இங்கே விளையும் நல்ல தேயிலையில் பெரும்பங்கு ஏலத்துக்கும் கப்பலுக்கும் போய்விடுகிறது. கடைக் கோப்பையில் வருவது பெரும்பாலும் டஸ்ட் தூள்தான். அதன் சாயமும் கடுப்பும் எனக்குப் பிடிக்கும். மெல்லிய மணமுள்ள தேயிலை வேண்டுமானால் தோட்ட விற்பனைக் கடைகளில் கேட்டு வாங்குங்கள்.

காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் உருவானது. விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு நீர் கொடுக்கக் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டினார்கள். நோர்வூட்டிலிருந்து டிக்கோயா நோக்கிப் போகும் வீதியில் பல இடங்களில் அது மரங்களினூடே தெரியும். தேயிலைச் சரிவு நீரின் விளிம்பு வரை இறங்கி நிற்கும். காலை ஏழு மணிக்கு முன் போனால் காற்று இருக்காது; எதிர்க்கரை மலை முழுதாக நீரில் கிடக்கும். பத்து மணிக்குப் பின் காற்றெழுந்து நிழல் கலைந்துவிடும். குளிக்க இறங்க வேண்டாம். கரை திடீரென்று ஆழமாகும், நீரடியில் சேறு.

கரைக்கு மேலே குன்றில் வோர்லி தேவாலயம் நிற்கிறது. 1878இல் கோப்பித் துரைமார் கட்டிய சிறிய கற்கோயில். அது எழுந்தபோது கீழே நீர்த்தேக்கம் இல்லை; பள்ளத்தாக்கும் ஓயாவும் மட்டுமே இருந்தன. கல்லறைத் தோட்டத்தில் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பலர் மிக இளம் வயதினர். அதே ஆண்டுகளில் இதே மலைகளில் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் இறந்த தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெயர் பொறித்த கல் வைக்கவில்லை. அவர்களைத் தேயிலைக்கு அடியிலேயே புதைத்தார்கள். தேவாலயத்தைப் பார்த்துவிட்டு நேரே வீதிக்கு இறங்காமல், மேட்டில் சிறிது நேரம் நின்று எதிர் மலையைப் பாருங்கள். நிரை நிரையாகத் தெரியும் கல்லடுக்கிய மேடும் வடிகானும் கையால் வெட்டியவை.

பொகவந்தலாவை

நோர்வூட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பஸ் பயணம். பள்ளத்தாக்கு அகன்று விரியும். இருமருங்கும் தோட்டங்கள் தொடர்ந்து வரும். தேயிலை வியாபாரிகள் இதைப் பொன் பள்ளத்தாக்கு என்று சொல்லிக்கொள்வதுண்டு. இங்கே பார்க்க வேண்டியதில் முதன்மையானது டவுனுக்கு அருகிலுள்ள புனித மரியாள் தேவாலயமும் அதன் கல்லறைத் தோட்டமும்.

உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கெமரன் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் முதல் கெமராவைக் கையிலெடுத்தார். டார்வினையும் டென்னிசனையும் ஹேர்ஷலையும் படமெடுத்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கெமரன், 1833ஆம் ஆண்டின் கோல்புரூக் கெமரன் சீர்திருத்தங்களில் பெயர் இடம்பெறும் அதே கெமரன். ராஜகாரிய முறையை ஒழித்த சீர்திருத்தம் அது. இலங்கையில் அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இங்கிலாந்தை விட்டு இங்கே குடிவந்தார்கள். வந்து சில ஆண்டுகளில், 1879 ஜனவரி 26ஆம் திகதி, கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். அடுத்த ஆண்டு கணவரும் இறந்தார். இருவரும் அருகருகே கிடக்கிறார்கள்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் சில படங்களே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் பல, வீட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்த மக்களின் உருவப்படங்கள். இங்கிலாந்தில் எடுத்த பெரியவர்களின் படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது. இங்கே எடுத்த பெண்களுக்கும் பையன்களுக்கும் அநேகமாகப் பெயர் இல்லை. நம் முன்னோரின் முகங்களை அவ்வளவு அருகிலிருந்து அவ்வளவு கவனத்தோடு பதித்த மிகப் பழைய படங்களில் அவை சேரும். போவதற்கு முதல் நாள் கைபேசியில் அந்தப் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். அவற்றைப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கல்லறை ஏதாவது சொல்லும்.

அவர் இறந்த காலம் கோப்பி செத்துக்கொண்டிருந்த காலமும்கூட. 1869இல் முதலில் காணப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியைத் துடைத்தெறிந்தது. அதே மண்ணில் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவ காலத்துக்கு மட்டும் ஆள் வந்து போனால் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். அதனால்தான் லயங்கள் எழுந்தன, குடும்பங்கள் நிலைத்தன, கோயில்கள் வந்தன.

அந்தக் கோயில்களைப் பார்க்கவும் இந்தத் திசையே ஏற்றது. ஒவ்வொரு தோட்டத்திலும், பல தோட்டங்களில் ஒவ்வொரு டிவிஷனிலும், ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. அதைவிடவும் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது மலைக்குள் மரத்தடியில் குங்குமம் பூசி நிற்கும் சிறு கற்களை. கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கும்பிடும் கவ்வாத்துச்சாமி, கொழுந்து பெருகக் கும்பிடும் கொழுந்துச்சாமி, ஸ்டோரில் இயந்திரச் சக்கரத்துக்குக் காவலான ரோதைமுனி. தமிழகத்து ஊர்களில் இந்தச் சாமிகளைக் காண்பது அரிது. புதிய மண்ணில், புதிய வேலையில், கத்தியும் சக்கரமும் கையைக் கேட்ட இடங்களில் இந்த மக்களே உண்டாக்கிக்கொண்ட தெய்வங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். கல்லைத் தொடாதீர்கள், பூசை நடந்தால் தள்ளி நின்று பாருங்கள்.

மாசி மாதத்தில் வந்தால் காமன் கூத்தை விட்டுவிடாதீர்கள். அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றி, ரதியும் மன்மதனும் வேடமிட்டு ஆடி, தப்பு முழங்க, ஊரே பக்கம் பிரிந்து வாதாடி, கடைசி இரவில் சிவன் காமனை எரிப்பது வரை நடக்கும். எந்தத் தோட்டத்தில் எந்த இரவு என்று நோர்வூட் கடைகளில் கேட்டால் சொல்வார்கள். விடிய விடிய நடக்கும் கூத்து அது. திரும்ப வாகனத்தையும், பனிக்குக் கம்பளியையும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மஸ்கெலியாவும் மவுசாக்கலையும்

இன்றுள்ள மஸ்கெலியா டவுன் பழையது அல்ல. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய டவுன் அதற்குள் போய்விட்டது. மக்களை மேட்டுக்குக் குடியேற்றினார்கள். வறட்சி நீண்டு நீர் வற்றும் ஆண்டுகளில், பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், பழைய முருகன் கோயிலும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலின் எச்சங்களும் வெளியே வரும். அப்போது நாலாபுறமிருந்தும் ஆட்கள் வருவார்கள். பழைய மஸ்கெலியாவில் பிறந்த முதியவர்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிவந்து, கடை எங்கே இருந்தது, வீடு எங்கே இருந்தது என்று காட்டுவார்கள். அப்படி ஒருவர் அருகில் நிற்கும் வாய்ப்புக் கிடைத்தால், "ஐயா, நீங்கள் இங்கேயா இருந்தீங்க?" என்று கேளுங்கள். எந்தப் பலகையிலும் எழுதியிராத டவுனை அவர் சொல்லிக் காட்டுவார்.

புறப்படுமுன் மஸ்கெலியாவில் யாரிடமாவது நீர் மட்டம் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். வெளித் தெரியும் சேறு உலர்ந்ததுபோல் இருந்தாலும் கால் புதையும். மற்றவர்கள் நடந்த தடத்திலேயே நடங்கள். இடிந்திருந்தாலும் கோயில் கோயில்தான்; சுவரில் ஏறி நின்று படமெடுக்காதீர்கள்.

சிவனொளிபாத மலை

டிசம்பர் மாத உந்துவப் போயாவில் சீசன் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடியும். இடைப்பட்ட காலத்தில் வழி நெடுக மின்விளக்கு எரியும், கடைகள் திறந்திருக்கும், ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு இரவிலும் பஸ் ஓடும். சீசன் இல்லாத மாதங்களில் ஏறாதீர்கள் என்பதே என் ஆலோசனை. மழையும் காற்றும் கடுமை, விளக்கில்லை, வழுக்கும் படியில் கால் பிசகினால் உதவிக்கு ஆள் இராது.

உயரம் 2,243 மீற்றர். இரத்தினபுரிப் பக்கத்து வழிகளைவிட நல்லதண்ணி வழி குறுகியது, அதனால் செங்குத்தானது. படிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நடக்கப் பழகியவர்களுக்கு மூன்று மணி நேரம், முதியவர்களோடும் பிள்ளைகளோடும் போனால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நோர்வூட்டில் இரவுச் சாப்பாட்டை வெள்ளனவே முடித்துச் சற்று உறங்கி, நள்ளிரவை ஒட்டி நல்லதண்ணியை அடைவது சரியான கணக்கு. போயா நாட்களிலும் அவற்றையொட்டிய வார இறுதிகளிலும் உச்சிக்கு அருகில் வரிசை நின்றுவிடும். விடியும்போது பாதிப் படியில்தான் நிற்பீர்கள். கிழமை நாளில் போங்கள்.

மகர தோரணத்தைக் கடந்து, ஜப்பானிய பௌத்த பிக்குகள் கட்டிய வெள்ளைத் தாதுகோபத்தைத் தாண்டி, சீதகங்குலவில் முகம் கழுவிக்கொண்டு ஏறுவது வழக்கம். அதுவரை வழி சுலபம். பின்னர்தான் படி நிமிரும். இந்திகட்டுபான என்ற இடத்தில் சிங்கள யாத்திரிகர்கள் ஊசியில் நூல் கோத்து நீட்டிச் செல்வார்கள். அந்த நூல்களை மிதிக்காமல் கடக்கப் பாருங்கள். வேர்த்து ஏறிவிட்டு உச்சியில் குளிர்காற்றில் நிற்பதுதான் பலரைக் காய்ச்சலில் தள்ளுகிறது. உலர்ந்த மேற்சட்டையொன்றைப் பையில் வைத்திருந்து, மேலே போனதும் மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர், கம்பளித் தொப்பி, கைவிளக்கு போதும், மற்றவை சுமை.

உச்சியில் இருக்கும் அடிச்சுவடு பௌத்தருக்குப் புத்தருடையது, சைவருக்குச் சிவபெருமானுடையது, இஸ்லாமியரில் பலருக்கு ஆதமுடையது. மொரொக்கோ யாத்திரிகர் இப்னு பத்தூத்தா 1344இல் ஏறியிருக்கிறார். ஏறிய எண்ணிக்கைக்கு ஏற்ப அங்குள்ள மணியை அடிப்பார்கள். முதல் முறை வந்தவருக்கு ஒரு முறைதான். சூரியன் எழும்போது எல்லோரும் கிழக்கே நெருக்கியடிப்பார்கள். கிழக்கை ஒரு தரம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உடனே மேற்குப் பக்கம் வந்துவிடுங்கள். மலையின் முக்கோண நிழல் கீழேயுள்ள மூடுபனியின் மீது நீண்டு விழும். சில நிமிடங்களே நிற்கும்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். முழங்கால் நடுங்கத் தொடங்கினால் படியில் குறுக்காகக் கால்வைத்து இறங்குங்கள். கீழே வந்ததும் நோர்வூட்டுக்குத் திரும்பி உறங்குங்கள். அன்று வேறெங்கும் போகத் திட்டம் வேண்டாம். மேலே கொண்டுபோன பிளாஸ்ரிக் போத்தலையும் பொதியுறைகளையும் கீழே கொண்டுவாருங்கள். இந்தக் காடு 2010 முதல் உலக மரபுரிமை நிலத்தின் பகுதி. இங்கிருந்து கசியும் ஊற்றுகளே இரண்டு ஓயாக்களையும் நிரப்புகின்றன.

தலவாக்கலையும் நுவரெலியாவும்

இந்த நாளை ரயிலில் தொடங்குங்கள். ஹட்டனுக்கு 1884இல் வந்த பாதை மறு ஆண்டு நானுஓயாவை எட்டியது. ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கும் மேலான இருட்டு, பிறகு கொட்டகலை. தலவாக்கலையைக் கடந்து வட்டகொடை வரும். அருகிலுள்ள மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அவருடைய நூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பாதையில் போகலாம்.

நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் பதினைந்து, இருபது நிமிடம். அங்கிருந்து பதுளை வீதியில் சீதா எலியவின் சீதையம்மன் கோயில். இராவணன் சீதையைச் சிறைவைத்த அசோகவனம் இது என்பது நம்பிக்கை. 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. இன்னும் சற்றுப் போனால் 1861இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய ஹக்கலைப் பூங்கா. ஏப்ரலில் நுவரெலியாப் பக்கமே போகாதீர்கள். வசந்தகால நெரிசலில் நாள் கழிந்துவிடும்.

திரும்பும்போது பஸ்ஸில் தலவாக்கலை வீதியால் வாருங்கள். செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சியும் 97 மீற்றர் டெவோன் நீர்வீழ்ச்சியும் வீதியிலிருந்தே தெரியும். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்குப் பின் செயின்ட் கிளேயரில் அளந்து விடும் நீர்தான் விழுகிறது. வெள்ளை நூலாகத் தெரிந்தால் ஏமாற்றமடைய வேண்டாம். டெவோனைப் பார்க்க நிற்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். தோட்டக் காணிகளைப் பிரித்து எடுப்பதற்கு எதிராக 1977 மே 11ஆம் திகதி தொழிலாளர் திரண்டபோது, பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் டெவோன் தோட்டத்தில் உயிர்விட்டார். மலையகம் அவரைத் தியாகி என்றே அழைக்கிறது. நீர்வீழ்ச்சிக்கு எதிரே காட்சி மேடையும் தேநீர்க்கடையும் இருக்கின்றன. பிள்ளைகளிடம் இதைச் சொல்ல அதுவே இடம்.

நோர்ட்டன்பிரிஜ் பக்கம்

மஸ்கெலியாவிலிருந்தும் கினிகத்தேனையிலிருந்தும் இங்கே வீதி உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் பழைய லக்ஷபான நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. தலைக்கு மேலே கம்பிகள் கொழும்புக்கு ஒளி கொண்டுபோன பின்பும், கீழே லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது.

நோர்ட்டன்பிரிஜ்ஜில் ஒரு விமானச் சில்லு நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அந்த மலைத்தொடர் அங்கிருந்தே தெரியும்.

கீழே அபர்டீன் நீர்வீழ்ச்சி, 98 மீற்றர். பார்க்கலாம், தடாகத்தில் குளிக்கக் கூடாது, உயிர்கள் போயிருக்கின்றன. மேலே மழை பெய்தாலோ நீர்த்தேக்கக் கதவு திறந்தாலோ ஆறு சில நிமிடங்களில் ஏறிவிடும். குளித்தே ஆக வேண்டுமானால் கித்துல்கலவுக்கு இறங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு, மிதவை அங்கி அணிந்து களனியில் இறங்குங்கள். 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் திரைப்படத்தின் பாலத்தைக் கட்டியதும் அங்கேதான். அடித்தளக் குழிகள் இன்னும் கரையில் இருக்கின்றன.

கித்துல்கலவிலிருந்து ஹட்டனுக்கு ஏற ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். ஹட்டனில் இருட்டிய பின் நோர்வூட் பஸ்கள் குறைந்துவிடும். ஆகவே மூன்று மணிக்கு ஆற்றை விட்டு ஏறி, மூன்றரைக்குள் மேலே போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். ஹட்டனில் இறங்கியதும் மாணிக்கப் பிள்ளையார் கோயிலில் மாலைப் பூசைக்கு நின்றுவிட்டு வரலாம். ஆனால் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று நிலையத்தில் கேட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள்.